காய்ச்சல் கண்ட அகராதி – உங்களுக்குத் தெரியுமா?

முதல் பக்கத்திலேயே கொலைகாரன் வந்துவிடுகிறான். அவன்தான் கொலைகாரன் என்று கதையில் வருகிற ஒருவருக்கும் கடைசிவரை தெரியாது. வாசிக்கிற நமக்கு மட்டும் தெரியும்! துப்பறியும் கதை என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்வளத்துக்காக வாசிக்கும் சரித்திர நாவல் இது. பெயர் ‘ஃபீவர் 1793’. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஃபிலடெல்ஃபியா நகரத்துக் காப்பிக் கடை ஒன்றின் மாடியில், ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில், மேட்டி குக் என்ற பெண் கண்விழிக்கிறாள். காதருகே ஒரு கொசு ரீங்கரிக்கிறது. அவ்வளவுதான், கொலைகாரன் வந்துவிட்டுப் போயாயிற்று!

அடுத்த மூன்று மாதத்தில் அந்த ஊரில் செத்தவர்கள் சுமார் 5,000 பேர். ஊரின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 50,000தான். பத்தில் ஒருவர்! சுமார் 20,000 பேர் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். ஃபிலடெல்ஃபியா அன்றைக்கு ஏதோ ஒரு மூலையில் கிடந்த ஊர் இல்லை, அமெரிக்காவின் தலைநகரம். செப்டம்பர் 10-ஆம் தேதி ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனே மவுன்ட் வெர்னனில் இருந்த தன் பண்ணை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் காய்ச்சலில் விழுந்து பிழைத்தார். வந்த நோய் மஞ்சள் காய்ச்சல். பரப்பியது ஏடிஸ் கொசு. ஆம், நம்மூரில் டெங்கு பரப்புகிற, சுகாதாரத் துறை சுவரொட்டியில் வரிக்கால் காட்டி நிற்கிற, பகலில் கடிக்கிற அதே கொசுதான்!

1793-இல் இது யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவை பொய்த்துப்போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டாலும், சொன்ன சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கின்றன. கொள்ளைநோய் நாவலில் சொல் பொறுக்கப் போனால் கையில் சிக்குவதெல்லாம் தோற்றுப்போன மருத்துவம்தான். அதுதான் இதில் ருசியே!

மலேரியா என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அது ‘கெட்ட காற்று’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல் என்பது தெரியுமா? சதுப்பு நிலத்திலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கிளம்பும் நாற்றம்தான் காய்ச்சலைத் தருகிறது என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். அந்த நச்சுக் காற்றுக்கு ‘மயாஸ்மா’ என்று பெயர். கிரேக்கத்தில் தீட்டு, கறை என்று பொருள். இன்ஃப்ளுவென்சா இன்னும் வேடிக்கை. கிரக நட்சத்திரங்களின் செல்வாக்கால் வரும் நோய் என்று இத்தாலியர்கள் வைத்த பெயர் அது. ஆக, ‘ஃப்ளூ வந்திருக்கு’ என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் நாம் அறியாமலே ஜாதகம் பார்க்கிறோம்!

ஃபிலடெல்ஃபியாவில் இந்தக் கெட்ட காற்றுக்குக் கைது வாரண்ட் யார் பெயரில் பிறந்தது தெரியுமா? காப்பி மேல்! கப்பலில் வந்து துறைமுகத்தில் கொட்டப்பட்டு, அழுகி நாறிக்கொண்டிருந்த காப்பிக்கொட்டைக் குவியல்தான் நோய்க்குக் காரணம் என்று அடித்துச் சொன்னார் டாக்டர் பெஞ்சமின் ரஷ். சாதாரண ஆளில்லை, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். காப்பிக் கடைப் பெண்ணைக் கதாநாயகியாக்கிய ஆண்டர்சனின் குறும்பைக் கவனித்தீர்களா?

காற்றுதான் எதிரி என்று முடிவானபின் ஊர் அடித்த கூத்தைக் கேட்டால் சிரிப்பு வரும், கூடவே வயிற்றையும் கலக்கும். காற்றைச் சுத்தம் செய்வதாக நினைத்துத் துப்பாக்கியால் வானத்தைச் சுட்டார்கள். பூண்டை வாயில் மென்றது போதாதென்று செருப்புக்குள்ளும் போட்டுக்கொண்டார்கள். பெண்களும் சிறுவர்களும்கூடச் சுருட்டுப் பிடித்தார்கள். தெருவில் எதிரே தெரிந்தவர் வந்தால் கைகுலுக்குவது நின்றது. வீட்டோரம் போகப் பயந்து நடுத்தெருவில் நடந்தார்கள். சாவு மணி அடித்து அடித்தே பாதி உயிர் போகிறது, மாதா கோயில் மணிகளை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சங்கம் சொன்னது. கைக்குட்டையில் நனைத்து முகர்ந்துகொண்டே நடக்க ஒரு காடி இருந்தது. அதன் பெயர் ‘நாலு திருடர் காடி’! முன்னொரு காலத்துக் கொள்ளைநோயில், பிணம் கிடந்த வீடுகளில் புகுந்து திருடியும் நோய் ஒட்டாமல் தப்பிய நான்கு திருடர்கள், தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிக்க விற்ற ரகசியம் அது என்று பிரான்சில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, காடி நன்றாக விற்றது.

இனிமேல் வருவதைக் கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள். ‘தி லான்செட்’ என்ற பெயரைக் கொரோனா நாட்களில் தினமும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். 1823-இல் லண்டனில் தாமஸ் வாக்லி தொடங்கிய, உலகப் புகழ்பெற்ற மருத்துவ இதழ். லான்செட் என்றால் என்ன? இரத்தம் வடிக்கும் குட்டிக் கத்தி! நாவலில் மேட்டியின் அம்மா படுத்தபோதும் அந்தக் கத்திதான் வெளியே வருகிறது. முழங்கைக்கு மேல் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். முழங்கை மடிப்பில் நரம்பு புடைத்துக்கொண்டு எழும். குறுக்கே ஒரு கீறல். கீழே ஒரு கிண்ணம். கிண்ணத்தின் உட்புறம் அளவுக் கோடுகள் போட்டதும் உண்டு. எத்தனை அவுன்ஸ் போயிற்று என்று பார்க்க வேண்டுமே! நோயாளி மயங்கினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இந்த வைத்தியத்தின் தளபதி நம் ரஷ்தான். மனித உடம்பில் 25 பவுண்டு இரத்தம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. உண்மையில் அதில் பாதிதான் இருக்கும். ஐந்தில் நான்கு பங்கை எடுத்தாலும் ஆபத்தில்லை என்று வேறு சொன்னார். அடேங்கப்பா! இருப்பதற்கு மேலேயே எடுக்கச் சொல்கிறாரே என்று கணக்குத் தெரிந்த எந்தப் பள்ளிப் பையனும் கேட்டுவிடுவான். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: பெரிய மனிதர்கள் ஓடிய ஊரில் அவர் ஓடவில்லை. ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார், தனக்கே காய்ச்சல் வந்தபோது தன் இரத்தத்தையும் எடுக்கச் சொன்னார், கூடப்பிறந்த சகோதரியைப் பறிகொடுத்தார். துணிச்சலில் குறையில்லை, கணக்குதான் தப்பு.

கத்தி பாதி வைத்தியம்தான். மீதி பாதி, வெள்ளைப் பொடி ஒன்று: கலோமெல். பாதரசக் குளோரைடு. கிரேக்கத்தில் இந்தப் பெயருக்கு ‘அழகிய கறுப்பு’ என்று பொருள்! வெள்ளைப் பொடிக்கு எதற்குக் கறுப்பு என்று பெயர் வைத்தார்கள் என்பதற்கு அகராதிக்காரர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கலோமெலோடு சேர்த்துக் கொடுத்தது ஜாலப் என்ற கிழங்கு. மெக்சிகோவின் ஹலாபா நகரத்துப் பெயர்தான் ஜாலப் ஆனது. நம் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு ஒன்றுவிட்ட உறவு! நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் பேதிக்கு விற்கும் சிவதை வேருக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயரே ‘இந்திய ஜாலப்’தான். இரத்தமும் போய், பேதியும் போய், பாதரசத்தால் பல்லும் ஆடி... அதற்குமேலும் பிழைத்தவர்களின் உடம்பை என்னவென்று சொல்ல!

கலோமெலை மருந்துகளின் சிம்சோன் என்று ரஷ் புகழ்ந்தார். வில்லியம் காபெட் என்ற பத்திரிகைக்காரர் சும்மா விடுவாரா? ஆமாம் ஆமாம், சிம்சோன் கொன்ற பெலிஸ்தரைவிட இது கொன்ற ஆட்கள் அதிகம் என்று கிண்டலடித்தார். ரஷ் மானநஷ்ட வழக்குப் போட்டு ஜெயித்தார். காபெட்டுக்கு 5,000 டாலர் தண்டனை. தீர்ப்பு வந்த நாள் 1799 டிசம்பர் 14. அதே நாளில் மவுன்ட் வெர்னனில் ஒரு பெரியவர், தொண்டை வீங்கிப் படுத்து, வைத்தியர்கள் மாற்றி மாற்றி இரத்தம் எடுத்தபின் இறந்துபோனார். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன்! எந்த நாவலாசிரியராவது இப்படி ஒரு தற்செயலைக் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருப்போமா?

இரத்தத்தை ஏன் எடுக்க வேண்டும்? உடம்பில் இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்கள் ஓடுகின்றன, அவற்றின் அளவு பிசகினால் நோய் என்பது கிரேக்க வைத்தியம். வாத பித்த கபம் என்று மூன்றைப் பிடித்துக்கொண்ட நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. கரும்பித்தம் மிகுந்தவன் ‘மெலங்கலி’, துக்கத்தில் மூழ்கியவன். மஞ்சள் பித்தம் மிகுந்தவன் ‘காலரிக்’, முன்கோபி. இரத்தம் மிகுந்தவன் ‘சாங்குவின்’, உற்சாகப் பேர்வழி. கபம் மிகுந்தவன் ‘ஃப்ளெக்மாட்டிக்’, எது நடந்தாலும் அசையாதவன். மஞ்சள் காய்ச்சலுக்கே அன்று ‘பிலியஸ்’ காய்ச்சல், அதாவது பித்தக் காய்ச்சல் என்று ஒரு பெயர் இருந்தது. அங்கே கரும்பித்தம் சோகமாயிற்று, இங்கே பித்தம் பித்தாயிற்று. ‘பித்துப் பிடித்து அலைகிறான்’ என்கிறோமே, அது வைத்தியக் கூடத்திலிருந்து தப்பித் தெருவுக்கு வந்த சொல்தான்.

‘கிரைசிஸ்’ என்றால் இன்றைக்குப் பொருளாதார நெருக்கடி. அன்றைக்கு? நோயாளி பிழைப்பானா போவானா என்று முடிவாகும் கட்டம்! மஞ்சள் காய்ச்சல் இதில் பயங்கரமான ஏமாற்றுக்காரன். மூன்று நான்கு நாளில் காய்ச்சல் இறங்கும், நோயாளி எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பார், வீடே நிம்மதியாகும். சிலருக்கு அடுத்த நாளே மறுபடி ஏறும். கண் மஞ்சளாகும், கறுப்பாக வாந்தி வரும். ஸ்பானியர்கள் நோய்க்கே ‘வோமிட்டோ நேக்ரோ’, கறுப்பு வாந்தி என்று பெயர் வைத்தார்கள்.

நகரத்துக்கு வெளியே புஷ் ஹில் என்ற மாளிகை. சில காலத்துக்கு முன் துணை ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் குடியிருந்த இடம். நோயாளிகளை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். போனவர் திரும்புவதில்லை என்று பெயர் வாங்கியது. அந்த நரகத்தை ஆஸ்பத்திரியாக மாற்றியவர் யார் தெரியுமா? டாக்டர் இல்லை, ஒரு கண் தெரியாத கப்பல் வியாபாரி! ஸ்டீஃபன் ஜிரார்டு, பிரான்சில் பிறந்தவர். பீப்பாய் செய்யும் பீட்டர் ஹெல்ம் அவருக்குத் துணை. இருவரும் தாமாகவே முன்வந்து பொறுப்பெடுத்தார்கள். ஜான் டெவேஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் கத்தியை ஓரங்கட்டிவிட்டு ஓய்வு, நீராகாரம், சுத்தம் என்று போனார். இன்றைக்கும் மஞ்சள் காய்ச்சலைக் குணப்படுத்தும் தனி மருந்து கிடையாது, கவனிப்புதான் வைத்தியம். மேட்டி பிழைப்பதும் புஷ் ஹில்லில்தான்.

நாவலில் எலைசா என்ற கறுப்பினச் சமையல்காரப் பெண் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறாள். அவள் கற்பனை, அவள் பின்னால் நிற்கும் ‘ஃப்ரீ ஆஃப்ரிக்கன் சொசைட்டி’ கற்பனை இல்லை. 1787-இல் தொடங்கியது. கறுப்பர்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது என்று ரஷ் சொன்னதை நம்பிச் சேவைக்கு இறங்கினார்கள். வந்தது, இருநூறு பேருக்கு அருகில் செத்தார்கள். பிணம் தூக்கியவர்களையும் பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தவர்களையும், பதிப்பாளர் மேத்யூ கேரி தன் புத்தகத்தில் கொள்ளைக் கூலி வாங்கியதாகக் குற்றம் சாட்டினார். ஊரைவிட்டுப் போய் இருந்துவிட்டு வந்து எழுதினார் என்பது கூடுதல் எரிச்சல். ஆப்சலம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் 1794-இல் கணக்கு வழக்கோடு ஒரு பதில் புத்தகம் போட்டார்கள். காப்புரிமை பெற்ற முதல் கறுப்பின அமெரிக்க நூல்களில் அது ஒன்று!

குவாரன்டைன் நமக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம், பட்டுத் தெரிந்துகொண்டோம். ஆனால் அதற்குள் ஒரு எண் ஒளிந்திருக்கிறது தெரியுமா? நாற்பது! வெனிஸில் கப்பலை நாற்பது நாள் நிறுத்தி வைத்தார்கள். அதற்கும் முன்னால் 1377-இல் ரகூசா துறைமுகம், இன்றைய டுப்ரோவ்னிக், முப்பது நாள்தான் வைத்திருந்தது. அந்தக் கணக்கே நிலைத்திருந்தால் சொல் வேறாகியிருக்கும். ஃபிலடெல்ஃபியா பட்டபின் 1799-இல் ஆற்றோரம் ‘லாசரெட்டோ’ என்ற தனிமை மருத்துவமனையைக் கட்டியது. கட்டடம் இன்னும் நிற்கிறது. நமக்கும் ஒரு லாசரெட்டோ உண்டு. தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழர்களைக் காலராவுக்கும் அம்மைக்கும் பயந்து, இலங்கைக்குக் கப்பலேற்றும் முன் ராமநாதபுரம் மண்டபத்தில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். ரயில் நிலையப் பலகையில் இன்றும் அந்தப் பெயர்தான்: ‘மண்டபம் கேம்ப்’!

மஞ்சள் காய்ச்சலுக்கு மாலுமிகள் வைத்த செல்லப் பெயர் ‘யெல்லோ ஜாக்’. ஜாக் என்றால் கப்பல் கொடி; நோய் ஏறிய கப்பலில் மஞ்சள் கொடி. இதில் தலைகீழ் அதிசயம் ஒன்று. இன்றைய சர்வதேசக் கப்பல் மொழியில் மஞ்சள் கொடி ஏற்றினால் ‘என் கப்பலில் எல்லோரும் நலம், உள்ளே வர அனுமதி வேண்டும்’ என்று அர்த்தம்!

வேகமாகச் சில. மருந்துக்கடைக்காரருக்குப் பழைய பெயர் ‘அபோதிகரி’. கிரேக்கத்தில் கிடங்கு என்று பொருள்படும் சொல்லில் பிறந்தது. அதே சொல் பிரான்ஸ் பக்கம் சுற்றிவந்து ‘பொட்டிக்’ ஆனது. பட்டுப்புடவை பொட்டிக்கும் மருந்துக்கடையும் அக்கா தங்கை! அந்தக் காய்ச்சல் காலத்தில் பெரும்பாலான பத்திரிகைகள் நின்றுபோக, விடாமல் வந்தது ‘ஃபெடரல் கெஜட்’. கெஜட் என்பது வெனிஸில் ஒரு செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறைக் காசின் பெயர் என்று சொல்வார்கள். பெயர் மாற்றிக் கெஜட்டில் போடுகிறவர்கள் கவனிக்க. அநாதைப் பிணங்களைப் புதைத்த மைதானத்துக்கு ஆங்கிலத்தில் ‘பாட்டர்ஸ் ஃபீல்ட்’, குயவன் நிலம். யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசில் அந்நியரைப் புதைக்க வாங்கிய நிலம் என்று மத்தேயு சுவிசேஷம் வாசித்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஃபிலடெல்ஃபியாவின் குயவன் நிலம் இன்று வாஷிங்டன் ஸ்கொயர் என்ற அழகான பூங்கா. மாலையில் ஜனங்கள் காற்று வாங்குகிறார்கள்.

இத்தனை சொல்லையும் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை பரீட்சைக்குத் தேறும், திங்கட்கிழமை பறந்துவிடும். அதற்காகக் கதை வாசித்தால் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். இயல்பாக வாசித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் புதுச்சொற்கள் 100 என்றால் சுமார் 15தான் மனத்தில் தங்கும் என்பது 1999-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பின் கணக்கு. துணையில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் பால் நேஷன் போன்ற அறிஞர்கள். கொள்ளைநோய் நாவல் இங்கேதான் கை கொடுக்கிறது. நோய், மருந்து, சாவு, பயம் என்று ஒரே வட்டத்துக்குள் கதை சுற்றுவதால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதோடு, லான்செட் என்ற சொல்லை மேட்டியின் அம்மா கையில் பார்த்தவர்கள் மறப்பார்களா?

ஒரு பள்ளிக்கூடம் சொல் கற்பது பெரிதா? ஒரு நாடே கொள்ளைநோய் நாவலிலிருந்து மொழி கற்றது தெரியுமா! நாடு இத்தாலி. நாவல் அலெஸ்ஸாண்ட்ரோ மன்சோனியின் ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’. நிச்சயம் முடிந்தும் கல்யாணம் கூடாமல் தவிக்கும் ரென்ஸோ, லூசியா ஜோடியின் கதை. உச்சக்கட்டம் 1630-இல் மிலானைச் சூறையாடிய பிளேக். 1827-இல் புத்தகம் வந்தது, நாடே கொண்டாடியது. மன்சோனிக்குத் திருப்தியில்லை. மிலான்காரரான தன் நடையில் ஊர் வாடையும் புத்தக வாடையும் அடிக்கிறது என்று ஃப்ளோரன்ஸ் போய், அங்கே ஜனங்கள் பேசும் மொழியைக் காதால் கேட்டு, முழு நாவலையும் திருத்தி எழுதி 1840–42-இல் மறுபடி வெளியிட்டார். தன் துணியை அர்னோ ஆற்றில் அலசியதாக அவரே சொல்வார். 1861-இல் இத்தாலி ஒரே நாடானபோது அந்த மொழி பேசத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதம்தான் என்பது மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோவின் மதிப்பீடு. மற்ற பேர் அவரவர் வட்டார மொழியில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூக்கிக் கொடுத்த புத்தகங்களில் முதல் வரிசையில் இருந்தது இது. இன்றும் அங்கே பள்ளியில் படிக்காமல் தப்ப முடியாது.

அதில் வரும் பாதிரியாரின் வேலைக்காரி பெயர் பெர்பெத்துவா. இன்று இத்தாலியில் எந்தப் பாதிரியார் வீட்டு வேலைக்காரியும் ‘பெர்பெத்துவா’தான்! பிணம் அள்ளுகிறவர்கள் ‘மொனாத்தி’; காலில் சலங்கை கட்டிக்கொண்டு வருவார்கள், சத்தம் கேட்டு ஜனம் விலக வேண்டும் என்று. ‘உன்த்தோரே’ என்றால் விஷத்தை வாசலில் தடவிப் பிளேக்கைப் பரப்புகிறவன். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆனாலும் ஜான் ஜாக்கொமோ மோரா என்ற நாவிதரைப் பிடித்துச் சித்திரவதை செய்து கொன்று, வீட்டை இடித்து, அந்த இடத்தில் அவமானத் தூண் ஒன்றை நட்டார்கள். 1778 வரை நின்ற தூண்! கொரோனா வந்தபோது இத்தாலியச் செய்தித்தாள்களில் ‘உன்த்தோரே’ மறுபடி எழுந்து நடமாடியது. 2020 பிப்ரவரியில் மிலான் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு எழுதிய கடிதத்தில், மன்சோனியின் பிளேக் அத்தியாயத்தை எடுத்துப் படியுங்கள் என்றார்.

என் பிரியத்துக்குரியவர் அந்த நாவலில் வரும் தோன் ஃபெர்ரான்தே. மகா பண்டிதர், வீடு நிறையப் புத்தகம். தொற்று என்ற ஒன்று பொருளா, குணமா? பொருளும் அல்ல, குணமும் அல்ல, ஆகவே தொற்றே கிடையாது என்று தர்க்க சாஸ்திரப்படி நிரூபித்துவிடுகிறார். எல்லாம் கிரகக் கோளாறு என்கிறார். எச்சரிக்கை எதுவும் எடுக்காமல் பிளேக் வந்து, நட்சத்திரங்களைத் திட்டிக்கொண்டே உயிரை விடுகிறார்! 2020-இல் நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் இவரைச் சந்திக்காதவர் யார்?

மன்சோனி இன்னொன்றையும் கவனித்து எழுதியிருக்கிறார். முதலில் பிளேக் என்ற சொல்லையே உச்சரிக்க விடவில்லை. பிறகு விஷக்காய்ச்சல் என்றார்கள். பிறகு பிளேக் மாதிரி, ஆனால் பிளேக் இல்லை என்றார்கள். கடைசியில் பிளேக்தான், ஆனால் யாரோ விஷம் வைத்ததால் வந்தது என்றார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் எத்தனை பிணம்! கொள்ளைநோயை ஆவணமாக எழுதிய எவரையும்விட இந்த நாவலாசிரியர் சொற்களை நன்றாகக் கணக்கெடுத்தார் என்பது என் கட்சி.

மறுபடி ஃபிலடெல்ஃபியா. நம் கொலைகாரன் மாட்டியது எப்போது? 1881-இல் கியூபாவின் டாக்டர் கார்லோஸ் ஃபின்லே கொசுவைக் கைகாட்டினார்; யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1900-இல் வால்டர் ரீட் குழு ஹவானா பக்கம் சோதித்து உறுதி செய்தது. அந்தக் குழுவின் ஜெஸ்ஸி லாஸியர் அதே காய்ச்சலில் செத்துப்போனார். 1937-இல் மாக்ஸ் தைலர் தடுப்பூசி கண்டார், 1951-இல் நோபல் பரிசு வாங்கினார். இதற்கிடையில் கொசு செய்த அரசியலும் உண்டு. ஹைட்டியை மடக்க நெப்போலியன் அனுப்பிய படையை 1802-இல் இதே காய்ச்சல் தின்றது. தளபதி லெக்ளேர்க்கும் போனார். வெறுத்துப்போன நெப்போலியன் அடுத்த வருடம் லூசியானாவை அமெரிக்காவுக்கு விற்றுவிட, அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது!

எல்லாவற்றையும்விட என்னை வாய்பிளக்க வைத்தது இதுதான். 1793 ஆகஸ்ட் கடைசியில், ஃபிலடெல்ஃபியாவில் பிணம் விழத் தொடங்கிய அதே நாட்களில், ஒரு செய்தித்தாளில் வாசகர் கடிதம் வந்தது. கீழே ஏ.பி. என்ற எழுத்துகள் மட்டும். மழைநீர்த் தொட்டியைப் பாருங்கள், கொசுக்குஞ்சுகள் கோடிக்கணக்கில் நெளிகின்றன. ஒரு கோப்பையில் மொண்டு அதில் ஏதாவது எண்ணெய் ஊற்றிப் பாருங்கள், மூச்சு முட்டிச் சாகும். தொட்டியிலும் அப்படியே ஊற்றுங்கள் என்று வழி சொன்னார். காய்ச்சலை நினைத்து அல்ல, கொசுக்கடி தொல்லை தாங்காமல்! ஊர் அதைப் படித்துவிட்டுப் பூண்டு வாங்கப் போய்விட்டது. பனி விழுந்து கொசு ஒழிந்த பிறகுதான் சாவு நின்றது.

இந்தியாவில் ஏடிஸ் கொசு தெருவுக்குத் தெரு இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் மட்டும் இதுவரை நுழையவில்லை. அதனால்தான் நோய் உள்ள நாட்டிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். வெனிஸின் நாற்பது இங்கே ஆறாகிவிட்டது! ஆப்பிரிக்காவுக்கோ தென்னமெரிக்காவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். வீட்டில் இருக்கிறவர்கள் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் அந்தப் பழைய டயரை இன்றைக்கே கவிழ்த்துவிடுங்கள்.